பெரிய முன்சக்கரம்

பழைய மலை சைக்கிள் ஒன்றின் முன்சக்கரம் பாறையில் மோதி நெளிந்துபோனது. சைக்கிள் கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டு, கையில் கிடைத்த பெரிய சக்கரத்தை மாட்டிவிட்டார். பின்சக்கரத்துக்கு மனசே ஆறவில்லை. கூடவே உருண்ட ஜோடி போய்விட்டது. அடுத்து தன்னையும் கழற்றிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

மலையேறும்போது புதியது தயங்கித் தயங்கிக் கேட்டது. "அண்ணே, நீங்க சின்னதா இருக்கறதால என்னைவிட அதிகமா சுத்த வேண்டியிருக்கு. நான் கொஞ்சம் மெதுவாப் போகட்டுமா?"

பின்சக்கரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னைத் தள்ளிக்கிட்டுப் போறதே நான்தான், தம்பி."

"அப்படியா? நானே ஓடுறதா நினைச்சுட்டேன்."

கொஞ்ச தூரத்தில் ஒரு கல் குறுக்கே கிடந்தது. பெரிய சக்கரம் அதன்மேல் அலுங்காமல் ஏறி இறங்கியது.

"அண்ணே, கல்லு. பார்த்து வாங்க" என்றது.

பழைய ஜோடி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளியது.