போன வருஷத்துக் காகிதம்

"மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று டார்லா மறுபடியும் கேட்டாள்.

வெண்டல் சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே சிரித்தான். "வேலை இல்லாதவங்களுக்கு என்ன மேடம் அவசரம்? டி.வி. தொடர் போயிடுமா?"

வருமான வரிக்கணக்கு கொடுக்க அன்றே கடைசி நாள். லைமா நகரத்தில் வரிக்கணக்கு எழுதித் தரும் கடை ஒன்றில் ஜனவரியிலிருந்து ஒரு நாற்காலி கிடைத்திருந்தது வெண்டலுக்கு. அதற்கே ஓஹையோ மாநிலக் கஜானா தன் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு.

டார்லா நீட்டிய காகிதத்தை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினான். போன வருஷம் கொரோனாவில் ஆலை மூடியபின் அவள் வாங்கிய வேலையில்லாதோர் உதவித்தொகை அதில் இருந்தது. ஒன்பதாயிரத்து அறுநூறு டாலர்.

"காலை நீட்டிப் படுத்துக்கிட்டு ஒன்பதாயிரமா! தெரிஞ்சிருந்தா நானும் அந்த ஆலையில சேர்ந்திருப்பேனே."

"சும்மா கொட்டிடலை. அந்த ஆபீசுக்குப் போன் போட்டா மூணு மணி நேரம் வெறும் பாட்டுதான் கேக்கும். அப்புறம்தான் ஆள் வரும்."

"காசு வருதுன்னா நான் மூணு நாள் கேப்பேன்." கீபோர்டைத் தட்டினான். "இந்தப் பணத்துக்கு வாஷிங்டன்ல இருக்கற மத்திய சர்க்கார்காரன் வரி வேணாம்னு விட்டுட்டான். ஓஹையோ அவ்வளவு ஏமாளி இல்லை. மாநிலத்துக்கு இருநூத்தி எண்பது கட்டிடுங்க."

மொட்டையாகிப்போன கார் டயரை மாற்ற அவள் எடுத்து வைத்திருந்த பணமே அவ்வளவுதான். ஆனால் டார்லா அலட்டிக்கொள்ளவில்லை.

"மார்ச் கடைசியில ஓஹையோவும் ஒத்துக்கிச்சு. முதல் பத்தாயிரத்து இருநூறு டாலருக்கு மாநில வரியும் கிடையாது. நல்லா பாருங்க."

பார்த்தான். காது மடல் சிவந்தது. இருநூற்று எண்பது இருந்த கட்டத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

"அடேயப்பா! வேலைக்குப் போறதைத் தவிர மத்ததெல்லாம் மனப்பாடம்!" என்று முணுமுணுத்தபடி கடைசி வாய் சாண்ட்விச்சைத் திணித்துக்கொண்டான்.

உள்ளறையிலிருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தாள். "வெண்டல், சாயங்காலம் போறப்போ சாவியைக் குடுத்துட்டுப் போ. இன்னியோட சீசன் முடிஞ்சுதில்ல?"

"கோடைக்கும் என்னை வெச்சுக்கறதா சொன்னீங்களே?"

"இருக்கற ஆளே போதும்ப்பா. ஜனவரியில வேணும்னா கூப்பிடறேன்."

கதவு மூடிக்கொண்டது. வாயில் இருந்தது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒருவழியாக விழுங்கிவிட்டு வெண்டல் குரலைத் தாழ்த்தினான். "மேடம்..." இந்த மேடத்தில் மரியாதை இருந்தது. "அந்த உதவித்தொகை ஆபீசுக்கு எத்தனை மணிக்குப் போன் போட்டா சீக்கிரமா எடுப்பாங்க?"

டார்லா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். கோட்டுப் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"காலையில எட்டு மணிக்குப் போடுங்க, வெண்டல். நான்தான் எடுப்பேன்."