ஒற்றை மீசைக்காரர்

ஊர் சுற்ற வந்த இடத்தில், கடலோரத்து ஆடம்பர மீன் உணவகத்தில் கணவனும் மனைவியும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கண்ணாடித் தொட்டியில் இருந்ததிலேயே பெரிய சிங்க இறாலைக் கணவன் கைகாட்டினான். அதன் மீசைகளில் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது.

"அதை மட்டும் விட்டுடுங்க. நம்மளையே பாக்குதுங்க."

"பாக்கட்டுமே. நான் சாப்பிட வந்தேனா, சொந்தம் கொண்டாட வந்தேனா?"

சர்வர் அதைத் தட்டில் ஏந்தி, துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு சமையலறைக்குள் கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் ஆவி பறக்க வந்ததைக் கணவன் ஓட்டை மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டு முடித்தான். மனைவி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள்.

அவன் கை கழுவப் போனதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். ஒடிந்த மீசையை ஆட்டிக்கொண்டு அது அங்கேயே இருந்தது.

சர்வர் ஓடிவந்தார். "அம்மா, சார்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் சாப்பிட்டது ஐஸ் பெட்டியில இருந்தது. இவரு பன்னிரண்டு வருஷமா எங்ககூட இருக்காரு. இன்னைக்கு மட்டும் நாலு தடவை உள்ள போயிட்டு வந்துட்டாரு."

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "பாவம், லீவாவது உண்டா?"

"செவ்வாய்க்கிழமை லீவும்மா. அன்னைக்கு ஒரு நண்டு வந்து பாத்துக்குவாரு."