நாலாவது கதவு

"மூணு கதவுக்கு ஃபோம் போட்டா போதும்" என்றார் காரைக் கொண்டு வந்தவர்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. தெருவில் எல்லாருக்கும் அவள் ஸ்பீக்கர் அக்கா. காருக்கு ஸ்பீக்கர் மாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"கதவு நாலு இருக்கே சார்?"

"முன்னாடி ரெண்டு, பின்னாடி வலது பக்கம். இடது பக்கம் அப்படியே இருக்கட்டும்."

கிண்ணம் போலக் குழிந்த ஃபோமை எடுத்துக் காட்டினாள். "இதை ஸ்பீக்கருக்குப் பின்னால வெச்சா கதவுத் தகரம் அதிராது. சத்தம் கதவுக்குள்ளேயே சுத்தி வீணாகாம நேரா காதுக்கு வரும். அந்த இடது கதவுதான் சார் இருக்கறதுலயே மோசம். குளிர் ஜுரக்காரன் பல்லு மாதிரி தடதடன்னு அடிச்சுக்குது!"

அவர் சிரித்தார். "தெரியும்மா. இருக்கட்டும்."

"வலது பக்கம் யார் உட்காருவாங்க?"

"பையன். பாட்டுல ஒரு வார்த்தை புரியலைன்னாலும் சண்டைக்கு வருவான்."

"இடது பக்கம்?"

"பொண்ணு."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. சாயங்காலம் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே போய்விட்டார்.

"கேட்டீங்களா? பையன் பக்கம் ஃபோமாம். பொண்ணு பக்கம் தகர டப்பாவாம்!"

சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த கணவன் தலை நிமிரவில்லை. "அவர் கார், அவர் கதவு. உனக்கு ஏன் குத்துது?"

"எங்க வீட்லயும் இதே கதைதான். அண்ணனுக்கு ஃபேனுக்கு நேர் கீழே பாய். எனக்குக் கதவோரம்."

"அதுக்கு இந்த மனுஷன் என்ன பண்ணுவார்?"

"அவர் ஒண்ணும் பண்ண வேண்டாம், நானே பண்றேன். தடதடக்கிற கதவு ஒண்ணுகூட என் கடையைத் தாண்டிப் போனதில்லை. இனிமேலும் போகாது."

"சரிதான். இனி பிரம்மா வந்தாலும் உன்னைத் தடுக்க முடியாது" என்று அவன் தையலுக்குத் திரும்பினான்.

மூன்று கதவுகளையும் முடித்துவிட்டு நாலாவதற்கு வந்தாள். மற்றவற்றைவிட இதைக் கூடுதலாகவே கவனித்தாள். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஃபோம் கிண்ணம், விளிம்பைச் சுற்றி ஃபோம் பட்டை. ஆடிக்கொண்டிருந்த கிளிப்பைக் கழற்றிப் புதிது போட்டாள். கதவை முட்டியால் தட்டிப் பார்த்தாள். மணல் மூட்டையைத் தட்டியது போல 'தொப்'பென்றது.

"உங்கப்பன் போட வேண்டாம்னா என்னடி? நான் இருக்கேன்" என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு பேரும் வந்தார்கள். மனைவி முன்னால் உட்கார்ந்தாள். பையன் வலது பக்கம். ஏழெட்டு வயதுப் பெண் ஓடிப்போய் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் பாட்டைப் போட்டார்.

"அப்பா! இப்ப எல்லா வார்த்தையும் புரியுதுப்பா!" பையன் குதித்தான்.

அக்காவின் கண் பெண்ணின் முகத்தைவிட்டு அகலவில்லை.

பெண் கதவில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லை என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தாள். உதடு பிதுங்கியது.

அவர் இறங்கி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கும் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன் சார். இதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். பொண்ணுன்னா அவ்வளவு இளப்பமா? அவளும்தான் நல்லாப் பாட்டுக் கேக்கட்டுமே!"

"அவளுக்குக் காது கேக்காதும்மா" என்றார் அவர் மெதுவாக. "அந்தத் தடதடப்புதான் அவளுக்குப் பாட்டு."

அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பெண்ணை இறக்கிவிட்டு, ஃபோமை உருவிப் போட்டாள். புதுக் கிளிப்பைப் பிடுங்கிவிட்டு, குப்பையைக் கிளறிப் ஆடுகிற அந்தப் பழைய கிளிப்பைத் தேடி எடுத்து மாட்டினாள்.

பெண் ஏறி உட்கார்ந்து கை வைத்தாள். கதவு தடதடத்தது. அவள் கால் தாளம் போட ஆரம்பித்தது.

'இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணட்டுமா கண்ணு?' வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு, அக்கா வெளியிலிருந்து கதவில் விரலால் தட்டினாள்.

உள்ளேயிருந்து, அதே தாளத்தில், பதில் வந்தது.