ஆயிரத்துக்கு எட்டு குறைவு

“ஆயிரத்துக்கு இன்னும் எட்டுதான் குறையுது” என்றார் பேராசிரியர், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. பள்ளிக்கூட டீச்சர். நாற்பத்திரண்டு தாளையும் வரிக்கு வரி படித்துத்தான் மார்க் போடுவாள்.

உயிரணுவின் சவ்வில் உப்பு போய்வரும் நுண்ணிய வாசல்களுக்கு அயனி வாய்க்கால் என்று பெயர். அந்த வாசலை எது திறக்கிறது, எது மூடுகிறது என்று எழுதியே பேராசிரியர் இருபது வருடம் ஓட்டிவிட்டார். இப்போது ஆய்வு நிலையத்தின் இயக்குநர் நாற்காலி காலி. ஒருவருடைய ஆய்வுகளை மற்றவர்கள் ஆயிரம் முறையாவது மேற்கோள் காட்டியிருந்தால்தான் விண்ணப்பத்தையே பிரிப்பார்கள். அவருக்கோ ஓய்வு பெற மூன்று வருடம்தான் பாக்கி. இதை விட்டால் அந்த நாற்காலியைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

குறையும் மேற்கோள்களுக்கு அவர் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். ஆய்விதழ்கள் வெளியிடும் முன் கட்டுரைகளை அவரிடம் சரிபார்க்க அனுப்பும். எழுதியவர் யாரென்று இவருக்குத் தெரியாது, திருத்துபவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தவளைத் தசையைப் பற்றிய கட்டுரையானாலும் சரி, மீன் மூளையைப் பற்றியதானாலும் சரி, இவரிடமிருந்து போகும் பதில் ஒன்றுதான். கட்டுரை பிரமாதம், ஆனால் கீழே உள்ள எட்டு ஆய்வுகளையும் குறிப்பிடாமல் விட்டது பெருங்குறை. அந்த எட்டும் யாருடையவை என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று காலை அப்படி ஒரு கட்டுரை, எழுதியவர் திருத்தி, மறுபடி இவரிடம் வந்திருந்தது. பேராசிரியர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பட்டியலில் எட்டும் வரிசையாக நின்றன. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஏங்க, உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்க மாட்டீங்களா?” என்றாள் மனைவி.

“கடைசிப் பக்கம் சரியா இருந்தா மத்ததும் சரியாத்தான் இருக்கும்.”

“எங்க ஸ்கூல்ல இப்படித் திருத்தினா வேலை போயிடும்.”

“அதனாலதான் நீ இன்னும் ஸ்கூல்ல இருக்கே.”

அவள் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே கோடு போட்டாள். பேராசிரியர் இரண்டு வரி தட்டி அனுப்பிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

இரண்டு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. கணக்கு ஆயிரத்தைத் தொட்டது. நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் ஆயிரம் மேற்கோளைப் பாராட்டிக் கைகுலுக்கினார். பேராசிரியருக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது. ஓரத்தில் இருந்த, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட பெண்மணி மட்டும் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். கடைசியில்தான் வாய் திறந்தார்.

“உங்க ஆயிரமாவது மேற்கோள் எந்தக் கட்டுரையில வந்ததுன்னு தெரியுமா சார்?”

“எத்தனையோ பேர் எழுதறாங்க மேடம். ஒவ்வொண்ணா பார்க்க எங்க நேரம்?”

பெண்மணி கையிலிருந்த கட்டுரையைப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார். ஒரு பத்தியின் கீழே கோடு போட்டிருந்தது. பேராசிரியர் படித்தார். ‘இந்த எட்டு ஆய்வுகளின் சோதனைகளையும் மறுபடி செய்து பார்த்தோம். வாய்க்கால் திறந்ததாக இவர் அளந்தது முழுக்க, அளக்கும் கண்ணாடிக் குழாயின் ஒழுகல். எட்டும் தவறு.’

பேராசிரியருக்குக் காது மடல் சிவந்தது. “இதைச் சரிபார்த்து அச்சுக்கு விட்ட மடையன் யாரு மேடம்? அவனையெல்லாம் இந்த ஆய்வு நிலையத்து வாசல்லகூட நிக்க விடக்கூடாது.”

தலைவர் அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

“அவர் பேரை எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க சார். கட்டுரையை எழுதினது நான்தான்” என்றார் பெண்மணி. “அந்த எட்டையும் நான் கேள்விப்பட்டதே இல்லை. குறிப்பிட்டே ஆகணும்னு அவர்தான் அடம்பிடிச்சார். சரி, குறிப்பிடறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்ப்போமேன்னு படிச்சேன். நான் திருத்தி அனுப்பினதும் அவர் இப்படி எழுதியிருந்தார்.”

அவர் நீட்டிய தாளில் இரண்டே வரி இருந்தது. ‘அந்த எட்டு ஆய்வுகளைச் சேர்த்தது மிகச் சிறப்பு. கட்டுரையை வரிக்கு வரி படித்தேன், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் உடனே வெளியிடலாம்.’

தலைவர் பேனாவை மூடினார். “அந்த ஆளை வாசல்லகூட நிக்க விடக்கூடாதுன்னு சொன்னீங்களே, அதை அப்படியே ஏத்துக்கறோம் சார்.”