தோகைக்கு விழுந்த ஓட்டு

காட்டில் தேர்தல் வந்தது. பொதுக் கூரை வேய இறகு வரி வேண்டும் என்பதில் இரண்டு கட்சிக்கும் மாற்றுப் பேச்சில்லை. ஆளுக்கு ஓர் இறகு போதும் என்றது ஆமைக் கட்சி. பத்து இறகுக்கு ஒன்று என்றது கீரிக் கட்சி.

குஞ்சுகளை அணைக்க வயிற்றிறகு வேண்டிய கௌதாரிக்கு ஆமைதான் லாபம். ஆனால் எதிர்மரத்து மயில் தோகை விரிக்கும்போதெல்லாம் அதற்கு வயிறு எரியும்.

ஓட்டுக் கேட்டு வந்த கீரியிடம், “அந்த மயிலுக்கு எவ்வளவு போகும்?” என்றது.

“தோகையில மட்டும் பதினஞ்சு போயிடும்மா.”

“அப்ப என் ஓட்டு உங்களுக்குத்தான்!”

கீரி ஜெயித்தது. வசூலுக்கு ஆள் வந்தது, மயில் தோகை உதிர்க்கும் மாதத்தில். கீழே கிடந்ததை மயில் பொறுக்கிக் கட்டாக நீட்டியது. உதிர்ந்தது எதுவும் இல்லாத கௌதாரியை அமுக்கிப் பிடித்து, வயிற்றிலிருந்தே பிடுங்கினார்கள்.

“நானும் கீரிக்குத்தான் போட்டேன் தங்கச்சி. எப்படியும் விழுறதுதானே, மறுபடி முளைச்சிடும்” என்றது மயில்.

அன்றைய மழையில் குஞ்சுகள் நடுங்கின. அவற்றை இறகில்லாத வயிற்றோடு அணைத்தபடியே கௌதாரி கீரியைக் கூப்பிட்டது.

“அடுத்த தேர்தல்ல ஜெயிச்சா, விழுந்த தோகை திரும்ப முளைக்கக் கூடாதுன்னு சட்டம் போடுவீங்களா?”