வடிவு போடாத மாஸ்க்

"மாஸ்க் போடாம ஏற முடியாதும்மா" என்றாள், விமானம் ஏறும் வாசலில் நின்ற ஷர்மிளா.

வடிவு டாக்டர் சீட்டை நீட்டினாள். "எழுதிக் கொடுத்திருக்காருங்க."

"இதுல நல்லசாமின்னு இருக்கே?"

"எங்க வீட்டுக்காரருதான்."

பக்கத்தில் நல்லசாமி மூக்கு வரை மாஸ்க்கை இழுத்துவிட்டபடி நின்றிருந்தார்.

"சீட்டு இவருக்கு. இவர் போட்டிருக்கார். உங்களுக்கு என்ன வியாதி?"

"எனக்கு ஒரு வியாதியும் இல்லத்தா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மகளின் பிரசவத்துக்குப் போகும் பயணம் இங்கேயே நின்றுவிடுமோ என்று வடிவு பயந்தாள்.

"அவருக்குக் காது கேக்காதுத்தா. சின்ன வயசுக் காய்ச்சல்ல போயிருச்சு. என் வாயப் பார்த்துத்தான் பேச்சு புரியும். அதை மூடிட்டா, பாவம், அவரு தனியாளாப் போயிருவாரு."

சொல்லும்போதே சொந்த ஊர் பூம்பாறை நினைவுக்கு வந்தது. செவிட்டு மாப்பிள்ளையோடு எப்படிக் காலம் தள்ளுவாளோ என்று ஊரே பேசிய, கல்யாணமான புதுசு. பூண்டுக் காட்டின் கீழ்ப் பாத்தியில் நின்று, "கஞ்சி குடிக்க வாங்க" என்று சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். மேல் பாத்தியிலிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சுற்றி அத்தனை பேர் வேலை செய்தும், அந்தப் பேச்சு அவர் ஒருவருக்குத்தான் கேட்டது.

ஷர்மிளா உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தாள். சற்றுத் தள்ளி நின்று, தன் மாஸ்க்கை இறக்கி, நிதானமாகச் சொன்னாள்:

"ரெண்டு பேரும் நல்லபடியாப் போயிட்டு வாங்க, ஐயா."

நல்லசாமி அவள் உதட்டையே பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஏ வடிவு, இந்தப் புள்ள உன்னவிடத் தெளிவாப் பேசுதே!"