பூட்டுப் போட்ட குப்பைப் பெட்டி

உள்ளே போட்டது உள்ளேயே கிடக்கிற மாதிரி ஒரு குப்பைப் பெட்டி இரத்தினசிங்கத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

கந்தோரில் சொன்ன காரணம் வேறு. துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்தக் கப்பல் முகவர் கந்தோரில் பிரம்புக்கூடைகள் ஒரு மாரிக்குமேல் நின்றுபிடிப்பதில்லை. பாதி உப்புக்காற்றில் உக்கும், மீதியை எலி தின்னும். நின்று உழைக்கிற சாமானாகப் பார்த்து வாங்கும்படி மனேஜர் சொல்லிவிட்டார். பெரிய கிளாக்கர் இரத்தினசிங்கத்துக்கு அது வசதியாகப் போயிற்று.

உண்மை என்னவென்றால், அவருடைய கூடையிலிருந்து கடிதங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

எல்லாக் கடிதமும் இல்லை. பென்சில் சீவல், பழைய காபன் தாள் எல்லாம் போட்டபடி கிடக்கும். குறிஞ்சாக்கேணியிலிருந்து ஜெமீலா என்ற பெண் எழுதுகிற கடிதம் மட்டும் விடியும்போது இருக்காது.

ஜெமீலாவின் புருசன் கலீலுர் றஹ்மான் கப்பல்களில் சரக்கேற்றுகிறவன். தை மாதம் ஒரு பின்னேரம் கப்பலில் ஏறினவன் இறங்கவில்லை. கப்பலும் போய்விட்டது. கடலில் விழுந்து செத்திருப்பான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். உடம்பு மட்டும் கரையொதுங்கவில்லை. ஜெமீலா விடாமல் பெரிய கிளாக்கருக்கு எழுதிக் கேட்டாள். பதில் போட்டால் கம்பனி பொறுப்பேற்றது போலாகிவிடும் என்பது இரத்தினசிங்கத்தின் எண்ணம். முதல் கடிதத்தை மட்டும் வாசித்தார். பிறகு வந்தவற்றை உறைகூடப் பிரிக்காமல் கசக்கிக் கூடையில் போட்டார்.

மூன்றாவது கடிதமும் மறைந்த அன்று பியோன் யோகலிங்கத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் கூடைக்குக் கிட்ட வராமலே நின்று சொன்னான்:

"அவன்தான் வாறான் ஐயா. தன்ர பெண்சாதியின்ர கடிதத்தை எடுத்துக்கொண்டு போறான். வேற ஆருக்கு அது வேணும்?"

இரத்தினசிங்கம் அவனை ஏசி அனுப்பினார். ஆனால் அன்றிலிருந்து, அலை கற்சுவரில் மோதும்போதெல்லாம் யாரோ ஈரக்காலோடு படியேறுவது போல அவருக்குக் கேட்கத் தொடங்கியது. அடுத்த கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார். விடிய நாலு துண்டையும் காணவில்லை.

அந்தக் கிழமையே, வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன சாமான்களை விற்கிற ஜவாஹிரின் கடைக்குப் போனார். டைப்பிஸ்ட் புஸ்பராணியும் தானாகவே கூட வந்தாள். மரப்பெட்டியைக் கறையான் அரிக்கும், தகரம் இரண்டு வருசத்தில் கறள் கட்டும் என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் கழித்தாள். கடைசியில் மூலையில் கிடந்த கனத்த இரும்புப் பெட்டிகளைக் காட்டினாள். மேலே கை நுழையாத சின்ன வாய், மூடிக்குப் பூட்டு. இவை நாங்கள் செத்த பிறகும் கிடக்கும் என்றாள். குப்பைப் பெட்டிக்கு இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. பூட்டைக் கண்டதும் அவளையே வாங்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாளில் அடுத்த கடிதம் வந்தது. கிழித்தார், போட்டார், சாவியைச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

காலையில் பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்தார். பென்சில் சீவல் கிடந்தது. கடிதம் இல்லை.

அதன்பிறகு அவர் இதைப் பற்றி ஒருவரிடமும் கதைக்கவில்லை. கடிதங்கள் வந்தன, இரும்புக்குள் போயின, மறைந்தன. மேசைக்குக் கீழே கால் அந்தப் பெட்டியில் படாதபடி கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்.

புரட்டாதியில் கடிதம் வரவில்லை. ஐப்பசியில் ஒரு காலை, கந்தோர் வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தார்.

கலீலுர் றஹ்மான் நின்றான்.

துறைமுகத்தில் நூறு தடவை பார்த்த முகம். வற்றி, வெளிறி, இடது காதடித் தழும்போடு அவரையே பார்த்தது. இரத்தினசிங்கம் கதிரையோடு பின்னால் நகர்ந்தார். அப்போது அவனுக்குப் பின்னால் முக்காட்டைச் சரிசெய்தபடி ஜெமீலா உள்ளே வந்தாள்.

அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கப்பலின் அடித்தளத்தில் விழுந்து, மண்டை உடைந்து கிடந்தவனை நாலாம் நாள்தான் கண்டார்களாம். வில்லங்கம் வேண்டாமென்று சிட்டகாங் துறைமுகத்து ஆசுபத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவனுடைய பாசை அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. பெயரில்லாத ஆளாக எட்டு மாதம் கிடந்தான்.

"நீங்க எழுதாட்டி இவர் அங்கேயே மௌத்தாப் போயிருப்பார் ஐயா" என்று ஒரு கடிதக் கட்டை மேசையில் வைத்தாள். "எனக்கும் பதில் போட்டீங்க. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எழுதிக் கேட்டீங்க. அந்த ஆசுபத்திரிக்காரர் தந்த கடிதமும் இதில இருக்கு. துஆவில உங்கட பேரைச் சொல்லாத நாளில்ல."

அவர்கள் போன பிறகு இரத்தினசிங்கம் கட்டைப் பிரித்தார். கம்பனித் தாள். டைப் அடித்த எழுத்து. காதடித் தழும்பு, வயது, உயரம், கண்டால் மனைவிக்கு அறிவிக்க வேண்டிய விலாசம் என்று எல்லாம் இருந்தது. கீழே அவருடைய பெயரும் கையொப்பமும்.

பக்கத்து மேசையில் டைப்ரைட்டர் நின்றுபோயிருந்தது.

"ஜவாஹிர் நானா பூட்டுக்கு ரெண்டு சாவி தந்தவர் சேர்" என்றாள் புஸ்பராணி மெல்ல. "பிரம்புக்கூடையில எலி கடிதத்தை அரிச்சுப்போடும். பிறகு ஒண்டும் வாசிக்க ஏலாது. அதுதான் இரும்பில பார்த்தனான்."

இரத்தினசிங்கத்தின் முகம் கறுத்தது. "என்ர ஒப்பத்தைக் கள்ளமா வைச்சனீரோ பிள்ளை?"

"இல்லை சேர். பின்னேரத்தில மற்றக் கடிதங்களோட உங்களிட்டத்தான் கொண்டுவந்து வைச்சனான். ஒப்பம் எல்லாம் நீங்கள் வைச்சதுதான். வாசிக்கேல்லை, அவ்வளவுதான்."